துளைத்தவரும் எழுதியவரும்

செஞ்சி மலைப்பக்கத்தில் பிறக்கும் சங்கராபரணி ஆறு, புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் சேர்வதற்குள் இரண்டு வகை நிலத்தைக் கடந்துவிடுகிறது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று கோட்டையைத் தாங்கி நிற்கும் குன்றுகளும், அதே செஞ்சி வட்டத்தில் அனந்தபுரம் பேரூராட்சியின் வயல்களுக்கு அடியில் கிடக்கும் தரையும் பழமையான கெட்டிப் பாறை. வீடூர் அணையைத் தாண்டித் திருவக்கரை வந்ததும் செம்மண்ணும் சரளையும் மணற்கல்லுமாக வேறு உலகம் தொடங்குகிறது. அங்கிருந்து கடல்வரை படிவுப் பாறைகள்தான். 1993-இல் விழுப்புரம் தனி மாவட்டமாகும்வரை செஞ்சியும் திருவக்கரையும் நெய்வேலியும் ஒரே தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தவை. நிலத்தடியைப் பற்றிய அறிவில் மட்டும் அவற்றின் கதை பிரிந்து போயிற்று. கிழக்கில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் துளை போட்டவர்கள், உள்ளே கண்டதை அடி அடியாக எழுதி வைத்தார்கள். அந்த எழுத்திலிருந்து ஒரு தொழில் நகரமே எழுந்தது. மேற்கில் இன்று துளைகளுக்குக் குறைவே இல்லை, எழுதியவர்தான் இல்லை. ஒரு வட்டாரத்தின் நிலத்தடி வரலாற்றைத் தீர்மானிப்பது துளைகளின் எண்ணிக்கையோ ஆழமோ அல்ல, துளையிலிருந்து வந்ததை விவரித்து எழுதும் வழக்கம் அங்கே வேர்விட்டதா என்பதே என்று இந்தப் பழைய தென்னாற்காடு சொல்கிறது.

மேற்பரப்பைப் பார்த்து எழுதும் வேலை இங்கே முன்னதாகவே தொடங்கிவிட்டது. திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் பெருமரங்களைப் பற்றி 1781-இலேயே பிரெஞ்சு இயற்கையியலாளர் சொனெரா எழுதினார். 1851-இல் தாமஸ் ஓல்டாமின் தலைமையில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தொடங்கியபின், எச்.எஃப்.பிளான்ஃபோர்டு தென்னாற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களின் படிவுப் பாறைகளை நடந்தே அளந்தார். கடலூர் மணற்கல் என்று இன்றும் வழங்கும் பெயர் அந்தக் காலத்தில் வந்தது. அடுத்து வில்லியம் கிங்கும் புரூஸ் ஃபூட்டும் சேலம், திருச்சி, தஞ்சை, தென்னாற்காடு பகுதிகளின் பாறை அமைப்பை 1864-இல் வெளியிட்டார்கள். ஆனால் மேற்பரப்பில் நடக்கிறவருக்கு ஓர் எல்லை உண்டு. செஞ்சிக் குன்றில் பாறை கண்ணெதிரே நிற்கிறது. அதே பாறை வயல்வெளிக்கு அடியில் எத்தனை அடியில் தொடங்குகிறது, எவ்வளவு தூரம் மக்கிப் போயிருக்கிறது, எங்கே வெடித்திருக்கிறது என்பதை வரைபடத்தின் நிறம் சொல்லாது. கடலூர் மணற்கல்லுக்கோ அந்தத் துப்பும் கிடையாது. செம்மண் சமவெளிக்கு அடியில் என்ன புதைந்திருக்கிறது என்பதை ஆற்றங்கரை வெட்டுகளும் கிணறுகளும் காட்டிய அளவுக்குத்தான் தெரிந்தது.

அந்த எல்லையைத் தாண்ட வைத்தது தண்ணீர்த் தேவை. 1870-களின் பிற்பகுதியில் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் ஆழ்துளை போட்டபோது, இறைக்காமல் தானாகவே தரைக்கு மேல் பொங்கும் ஆர்ட்டீசியன் ஊற்று கிடைத்தது. செய்தி சென்னைக்கு எட்டியது. குடிநீருக்குத் தவித்துக்கொண்டிருந்த சென்னைக்கும் இந்த வாய்ப்பு உண்டா என்று ஆராய வில்லியம் கிங் வந்தார். 1880-இல் புவியியல் ஆய்வுத் துறையின் வெளியீட்டில் புதுச்சேரி ஆர்ட்டீசியன் கிணறுகளைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். அவர் எடுத்துக்கொண்ட கேள்வியைத் தண்ணீரை மட்டும் பார்த்துத் தீர்க்க முடியாது. பொங்கும் தண்ணீர் புதுச்சேரியில் தண்ணீர் இருக்கிறது என்பதைத்தான் சொல்லும். களிமண் அடுக்கு எந்த ஆழத்தில், மணல் அடுக்கு எந்த ஆழத்தில், எது எதன்மேல், எந்தப் பக்கம் சரிகிறது என்ற விவரம் இருந்தால்தான் அதே அமைப்பு இன்னோர் ஊரில் இருக்குமா என்று கேட்கவே முடியும். ஒரு துளை அதன் சொந்தக்காரருக்குத் தண்ணீர் தருகிறது. அதன் குறிப்போ நூறு கல் தொலைவிலுள்ள ஊரின் கேள்விக்கும் உதவுகிறது. இந்த வட்டாரத்தில் துளைக் குறிப்புக்குத் தனி மதிப்பு பிறந்த இடம் இதுதான்.

அதே புதுச்சேரிப் பகுதியில், பாகூர் பக்கம் போட்ட துளைகளில் 1880-களில் பழுப்பு நிலக்கரி தட்டுப்பட்டது. செய்தி பதிவானது, அத்தோடு நின்றது. அங்கிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் நெய்வேலியில், ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, 1930-களின் நடுவில், ஜம்புலிங்க முதலியாரின் நிலத்து ஆர்ட்டீசியன் கிணற்றில் தண்ணீரோடு கருமையான துகள்கள் வந்தன. அவர் அதை அரசுக்குத் தெரிவித்தார், நிலவியலாளர்கள் வந்து பார்த்தார்கள். 1941 வாக்கில் சென்னையின் பின்னி கம்பெனி அஜீஸ் நகரில் ஐந்து துளைகள் போட்டுப் பார்த்தது. 1943 முதல் 1946 வரை புவியியல் ஆய்வுத் துறையே துளைப்பில் இறங்கியது. பிறகு சுரங்கப் பொறியாளர் எச்.கே.கோஷின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் விரிவான துளைப்புகள் நடந்தன. முதலியாரின் கிணற்றில் வந்த கரித்துகளை வைத்து நெய்வேலியின் கதையைத் தற்செயலின் கதையாகச் சொல்லுவது நம் வழக்கம். தற்செயல் பாகூரிலும்தான் நடந்தது. கருப்பு வந்தது என்ற செய்திக்கும், இந்த இடத்தில் இத்தனை அடியில் தொடங்கி இத்தனை அடி தடிமனுக்குக் கரி இருக்கிறது என்ற கணக்குக்கும் நடுவே இருந்தது வரிசையாகப் போட்ட துளைகளும், ஒவ்வொன்றுக்கும் எழுதிய அடுக்கு விவரமுமே.

நெய்வேலித் துளைகள் சொன்னது கரியைப் பற்றி மட்டுமல்ல. கரிப் படுகை ஐம்பது மீட்டருக்கு மேற்பட்ட மணற்கல்லுக்கும் களிமண்ணுக்கும் அடியில் கிடக்கிறது. பல இடங்களில் அதன் தடிமன் 15 மீட்டரைத் தாண்டும். மேலே இருக்கும் மணற்கல் எவ்வளவு கெட்டி என்பது, அதை வெட்ட எந்த இயந்திரம் வேண்டும் என்பதைத் தீர்மானித்தது. படுகைக்குக் கீழே இருந்த மணல் அடுக்கு இன்னும் பெரிய செய்தியைச் சொன்னது. அதில் அடைபட்ட நீர் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தோடு மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. மேல்மண்ணை அகற்றிக் கரியைத் திறந்துவிட்டால், கீழிருந்து வரும் அந்த அழுத்தம் சுரங்கத்தின் அடித்தளத்தையே பெயர்த்துவிடும். ஆகவே கரியை வெட்டுவதற்கு முன்பே சுற்றிலும் கிணறு போட்டு இரவு பகலாக நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தாக வேண்டும் என்பது திட்டத்தின் அடிப்படையாயிற்று. 1954-இல் பிரிட்டனின் பவல் டஃப்ரின் நிறுவனம் திட்ட அறிக்கை தந்தது. ஆண்டுக்கு 35 லட்சம் டன் என்பது முதல் இலக்கு. 1956 நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரிக் கழகம் பதிவாயிற்று, 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார், 1961 ஆகஸ்டில் கரி வெளிச்சத்தைக் கண்டது. முன்பின் காணாத படுகையின்மேல் அவ்வளவு பெரிய முதலீட்டை இறக்கும் துணிவை அரசுக்குத் தந்தவை, வரிசை வரிசையான துளைக் குறிப்புகள்.

இப்படி எழுதப்படும் பொருள் என்ன என்று கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். உளியை ஏற்றி இறக்கிக் குத்தும் பழைய முறையில் பாறை சேறாகத்தான் வெளியே வரும். 1860-களில் லெஷோ என்ற ஜெனீவாக் குடும்பத்துப் பொறியாளர்கள் குழாயின் நுனியில் வளையமாக வைரம் பதித்துச் சுழற்றும் முறையைக் கொண்டுவந்தார்கள். 1863-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. வளையம் தன்னைச் சுற்றி மட்டும் அரைத்துக்கொண்டு இறங்க, நடுவே அரைபடாத கல் உருளையாகக் குழாய்க்குள் ஏறி நிற்கும். தளத்தில் எல்லோரும் கோர் என்று சொல்லும் உருளை அதுதான். அணைக்கட்டு, பாலம், சுரங்கம் எதற்கும் வழக்கமாக எடுக்கும் என்.எக்ஸ். அளவுக் கோரின் விட்டம் 54.7 மில்லிமீட்டர். குழாய் ஒருமுறை இறங்கி ஏறுவது ஓர் ஓட்டம். ஒவ்வோர் ஓட்டத்திலும் வந்த கல்லைப் பிரித்த தடுப்புகள் கொண்ட கோர் பெட்டியில், புத்தகத்தின் வரிகளைப்போல இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக அடுக்குவார்கள். ஓட்டம் முடிந்த இடத்தில் ஆழம் எழுதிய ஒரு மரக்கட்டை வைக்கப்படும். அந்தக் கட்டை இடம் மாறினால் அந்தப் பெட்டியின் கல் அத்தனையும் முகவரி இழந்துவிடும்.

பெட்டி நிறைந்ததும் நிலவியலாளரின் வேலை தொடங்குகிறது. முதலில் கல்லை நனைப்பார். காய்ந்த கோரில் படிந்த தூசு எல்லாக் கல்லையும் ஒரே சாம்பலாகக் காட்டும், நனைந்ததும் மணிகளும் வரிகளும் எழும்பும். நிற அட்டையை அருகில் வைத்து நிறத்தை எழுதுவார். கைலென்சில் மணியின் அளவு, வடிவம், கனிமம் பார்ப்பார். கத்தியால் கீறிக் கடினம் பார்ப்பார், நீர்த்த அமிலத்தைச் சொட்டுவிட்டுச் சுண்ணாம்பு பொங்குகிறதா என்று பார்ப்பார். பிறகு வெடிப்புகளுக்கு வருவார். இந்த முறிவு பாறையில் முன்பே இருந்ததா, துளைக்கும்போது உடைந்ததா? முகத்தில் துரு படிந்திருந்தால், களிமண் ஒட்டியிருந்தால் அது பழைய வெடிப்பு, தண்ணீர் நடந்த வழி. முகம் பளிச்சென்று புதிதாக இருந்தால் இயந்திரம் உடைத்தது. கோரின் அச்சுக்கு அந்த வெடிப்பு எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்று அளப்பார். இவ்வளவும் ஆழ வரிசையில் ஒரு படிவத்தின் கட்டங்களுக்குள் போகும். இந்தியாவில் இதற்கென்றே தர விதிகள் உண்டு. துளை விவரத்தையும் கோர் விவரிப்பையும் எப்படிக் காட்டுவது என்பதற்கு ஐ.எஸ். 4464, கோர்களை எப்படிக் குறியிட்டுப் பாதுகாப்பது என்பதற்கு ஐ.எஸ். 4078.

இந்த வேலையின் நுட்பம், வராத கல்லை எழுதுவதில் இருக்கிறது. மூன்று மீட்டர் ஓட்டத்தில் இரண்டரை மீட்டர் கல்தான் வந்தது என்றால் அரை மீட்டர் எங்கே போயிற்று? கெட்டிக் கல் காணாமல் போவதில்லை. மக்கிப்போன பட்டையோ, நொறுங்கிய வெடிப்போ, களிமண் நிறைந்த பிளவோதான் துளைக்கும் நீரோடு கரைந்து போகும். தண்ணீர் தேடுகிறவருக்கும் அணை கட்டுகிறவருக்கும் மிக முக்கியமான பகுதி அதுவே. ஆகவே ஒவ்வோர் ஓட்டத்துக்கும் எத்தனை விழுக்காடு கல் மீண்டது என்று எழுதுவதும், துளைக்க ஊற்றிய நீர் எந்த ஆழத்தில் திரும்பி வராமல் நின்றது, அதன் நிறம் எங்கே மாறியது என்று எழுதுவதும் கட்டாயம். 1960-களில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் டான் டீர், பத்து சென்டிமீட்டருக்குக் குறையாத முழுத் துண்டுகளின் நீளத்தை மட்டும் கூட்டி, ஓட்டத்தின் நீளத்தோடு ஒப்பிடும் எளிய அளவுகோலைத் தந்தார். 90 விழுக்காட்டுக்கு மேல் என்றால் மிக நல்ல பாறை, 25-க்குக் கீழ் என்றால் மிக மோசம். உலகம் முழுக்க அணைப் பொறியாளர்கள் அதை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், விவரிப்பின் ஒரு பகுதியை யார் அளந்தாலும் ஏறக்குறைய ஒரே எண் வரும்படி அது செய்ததுதான்.

கல்லையே பத்திரமாக வைத்துவிட்டால் போதாதா, எழுத்து எதற்கு என்று கேட்கலாம். கல் இருக்கும்வரை யார் வேண்டுமானாலும் வந்து பார்த்துக்கொள்ளலாமே, இன்று கோரை முழுக்கப் படமெடுக்கும் கருவிகளும், துளைக்குள்ளேயே மின் அளவீடு எடுக்கும் கருவிகளும் இருக்கின்றனவே என்பதும் அதோடு சேர்ந்த கேள்வி. கல் இருக்கும்வரை என்பதுதான் சிக்கல். பழுப்பு நிலக்கரி காற்றுப் பட்டால் காய்ந்து வெடித்துப் பொடியும். வெட்டி எடுத்த நாளில் இருந்த ஈரமும் நிறமும் சில வாரத்தில் இராது. களிமண் சுருங்கும். சோதனைக்கு அனுப்பிய துண்டுகள் திரும்பி வராது. கிடங்கு நிறைந்ததும் பழைய பெட்டிகள் வெளியே போகும், மரப் பெட்டியைக் கரையான் தின்னும். படம் நிறத்தைக் காட்டும், கத்தி இறங்கியதா என்று காட்டாது. மின் அளவீடு அடுக்கின் எல்லையைக் காட்டும். அந்த எல்லைக்கு மேலே இருப்பது என்ன கல் என்பதை, முன்பு யாராவது கோரைப் பார்த்து எழுதிய இடங்களோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். கருவிகள் விவரிப்பின் வேலையைக் குறைக்கின்றன, அதை நம்பித்தான் அவையும் பேசுகின்றன.

இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு. விவரிப்பு மனிதர் செய்வது. ஒருவர் சாம்பல் என்பதை இன்னொருவர் பச்சை கலந்த சாம்பல் என்பார், ஒருவருக்கு மணற்கல் இன்னொருவருக்குக் களிமணற்கல். தவறாக எழுதிவிட்டால் அந்தத் தவறு தலைமுறைகளை ஏமாற்றும். இதற்குப் பெரிய சாட்சியே மெக்சிகோவில் இருக்கிறது. யுகடான் தீபகற்பத்தில் அந்நாட்டு எண்ணெய் நிறுவனமான பெமெக்ஸ் 1950-களிலிருந்து போட்ட துளைகளில் ஓர் உருகிய பாறை வந்தது. குறிப்பில் அதை ஆண்டிசைட், அதாவது எரிமலைப் பாறை என்று எழுதினார்கள். அடியில் பழைய எரிமலை இருக்கிறது என்ற கருத்து நிலைத்துவிட்டது. 1991-இல் ஆலன் ஹில்டிபிராண்டும் கூட்டாளிகளும் அந்தப் பழைய துளைகளின் மாதிரிகளைத் தேடி எடுத்து ஆராய்ந்தபோது, அதிர்ச்சியால் மட்டுமே உண்டாகும் தழும்புகள் குவார்ட்ஸ் மணிகளில் தெரிந்தன. அது எரிமலை அல்ல, 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்து உண்டான சிக்சுலூப் பள்ளம். விவரித்தவர் தவறினார் என்பது உண்மை. அந்தத் தவறைத் திருத்த முடிந்ததும் இந்தத் துளையில் இந்த ஆழத்தில் இப்படி ஒரு பாறை வந்தது என்று அவர் எழுதி வைத்ததால்தான். எந்தத் துளையின் எந்த அடியைத் தேடவேண்டும் என்று பின்னால் வந்தவர்களுக்கு அது சொல்லிற்று. கண்டதை ஒரு கட்டத்திலும், அது என்ன என்ற ஊகத்தை வேறு கட்டத்திலும் எழுத வேண்டும் என்று தொழில் வற்புறுத்துவது இதற்காகவே. ஊகம் மாறலாம், கண்டது நிற்கவேண்டும். எழுதாத துளையில் தவறு இல்லைதான்; திருத்துவதற்கும் எதுவும் இல்லை.

தொடர்ச்சியாக எழுதிய குறிப்பு ஒரு நெடுங்கால ஐயத்தை எப்படித் தீர்க்கும் என்பதற்கு மகாராஷ்டிரத்தின் கொய்னா சான்று. 1967 நிலநடுக்கத்துக்குப் பிறகு உலகம் கவனித்துவரும் அந்தப் பகுதியில், 2010-களில் ஒன்பது ஆய்வுத் துளைகள் சுமார் 1,500 மீட்டர்வரை கோர் எடுத்தபடியே போடப்பட்டன. தக்காணத்தின் எரிமலைப் பாறைக்குக் கீழே பழைய படிவுப் பாறை ஒளிந்திருக்கிறதா என்பது நெடுநாள் கேள்வி. முதல் துளையில் சுமார் 930 மீட்டர் பசால்ட்டுக்குப் பிறகு நேராகத் தொல்பழங்காலக் கிரானைட்டு வகைப் பாறையே வந்தது. எரிமலைக் குழம்பு எத்தனை முறை வந்து பரவி ஆறியது என்பதையும் கோரில் ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது. குழம்பு ஒன்றின் மேல்முகத்தில் குமிழித் துளைகள், நடுவே கெட்டிக் கல், அடுத்ததன் தொடக்கத்தில் செம்மண் பட்டை என்று வரும் மாற்றங்களை இடைவிடாமல் விவரித்ததால் அந்த எண்ணிக்கை வந்தது. அங்கங்கே பத்து மீட்டர் விட்டுவிட்டு எழுதியிருந்தால் இரண்டு குழம்புகள் ஒன்றாகிப் போயிருக்கும்.

இனி மேற்கே, செஞ்சிக்கும் அனந்தபுரத்துக்கும் வரலாம். கெட்டிப் பாறைத் தரையில் நெடுங்காலம் ஏரியும் திறந்த கிணறும்தான் நீராதாரம். கோட்டைக்குள்ளேயே சக்கரக் குளமும் செட்டிக் குளமும் மழையைத் தேக்கியே நின்றன. திறந்த கிணறு வெட்டியவர்கள் மண், சுக்கான், மக்கிய பாறை, கெட்டிப் பாறை என்று ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து இறங்கினார்கள். கிணற்றுச் சுவர் எழுதாமலே நிற்கும் துளைக் குறிப்பாக இருந்தது. ஆழ்துளைக் கிணறு வந்தபோது அதுவும் போயிற்று. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஓர் இரவுக்குள் ஐந்நூறு, எண்ணூறு அடி இறங்குகின்றன. கம்ப்ரசர் காற்று கல்லைப் பொடியாக்கி மேலே ஊதிவிடுகிறது. புகை மட்டும் வந்தால் வறட்டுப் பாறை, புகை அடங்கிச் சேறு தெறித்தால் ஈரம், தண்ணீர் பீய்ச்சினால் ஊற்று. கேசிங் எத்தனை அடி இறங்கியது என்பது பில்லில் இருக்கும், ஏனென்றால் அதற்குத் தனி விலை. ஊற்று எந்த ராடில், அதாவது எத்தனையாவது துளைக்குழாய் இறங்கும்போது வந்தது, அங்கே தூளின் நிறம் என்னவாக மாறியது என்பது ஓட்டுநருக்கு அந்த நேரத்தில் நன்றாகத் தெரியும். வண்டி அடுத்த ஊருக்குப் போனதும் அந்த அறிவும் அதோடு போய்விடுகிறது. ஆயிரக்கணக்கான துளைகள் போட்ட வட்டாரத்தில், அடுத்து துளை போடுகிறவர் பாயிண்ட் பார்ப்பவரின் தேங்காயை நம்பித்தான் தொடங்குகிறார்.

இதற்கு வழக்கமாக வரும் பதில் இரண்டு. காற்றில் ஊதிய கல்தூள் கோர் ஆகுமா, அதை விவரித்து என்ன பயன் என்பது ஒன்று. கெட்டிப் பாறையில் ஊற்று என்பது வெடிப்பின் விவகாரம். ஐம்பதடி தள்ளிப் போட்ட துளையில் ஒன்றும் வராது, ஆகவே ஒரு துளையின் குறிப்பு இன்னொன்றுக்கு உதவாது என்பது இன்னொன்று. முதலாவதில் உண்மை இருக்கிறது. தூளில் வெடிப்பின் சாய்வு தெரியாது, மணிகள் ஒட்டியிருந்த விதம் தெரியாது. ஆனாலும் மக்கிய பகுதி எங்கே முடிந்தது, கல் எங்கே மாறியது, நீர் எங்கே வந்தது ஆகிய மூன்றும் தூளிலேயே தெரியும். நீரைப் பொறுத்தவரை இவை மூன்றுமே தலையாயவை. இரண்டாவது வாதம் ஒரு துளைக்குப் பொருந்தும், நூறு துளைக்குப் பொருந்தாது. ஐதராபாத்தில் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனமும் பிரான்சின் பி.ஆர்.ஜி.எம். நிறுவனமும் சேர்ந்து நடத்திய ஆய்வு மையம், மகேஸ்வரம் பகுதியின் கிரானைட்டுத் தரையில் கிணற்றுச் சுவர்களையும் துளைகளையும் நீரோட்டத்தையும் சேர்த்து அளந்தது. அங்கே நீர் கடத்தும் வெடிப்புகள் பெரும்பாலும் பாறை மக்கும்போது உண்டானவை, ஒரு குறிப்பிட்ட ஆழத்துக்குள் படுக்கையாக அமைந்தவை. சுமார் நாற்பது மீட்டருக்குக் கீழே அவை மிகவும் அரிதாகிவிடுகின்றன. தனித் துளையில் குருட்டு அதிர்ஷ்டமாகத் தெரிந்தது, பல துளைகளைச் சேர்த்துப் பார்த்தபோது ஒழுங்காகத் தெரிந்தது. அந்த நாற்பது மீட்டரைச் செஞ்சிக்கு அப்படியே பெயர்த்துக்கொண்டு வர முடியாது. கல்லும் மழையும் மக்கிய ஆழமும் வேறு. செஞ்சிக்கு என்ன எண் என்பதைச் செஞ்சியின் துளைகள்தான் சொல்லமுடியும், எழுதியிருந்தால். அதுவரை எண்ணூறு அடியும் ஆயிரம் அடியும் நம்பிக்கையின் கணக்கு, கடனில் போடும் கணக்கு.

அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. மத்திய நிலத்தடி நீர் வாரியம் நீர்த்தாங்கிகளை வரைபடமாக்கும் தேசியத் திட்டத்தை 2012-இல் தொடங்கியது; அதற்காகப் போட்ட ஆய்வுத் துளைகளுக்கு முறையான குறிப்பு உண்டு. ஆனால் அரசின் ஆய்வுத் துளை ஒன்று போடப்படும் நேரத்தில் உழவர்களின் துளைகள் பல மடங்கு போடப்பட்டுவிடுகின்றன. குழந்தைகள் துளைக்குள் விழுந்த துயரங்களுக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் 2010-இல் தந்த நெறிமுறைகள் ரிக் நிறுவனங்களின் பதிவையும், துளை போடுமுன் அறிவிப்பையும், கைவிட்ட துளையை மூடுவதையும், மாவட்ட அளவில் துளைகளின் பட்டியலையும் கோருகின்றன. அவற்றின் அக்கறை உயிர்ப் பாதுகாப்பு, அது சரியானதே. அதே கதவு வழியாக இன்னொரு தாளையும் உள்ளே விட முடியும் என்பதுதான் இங்கே சொல்ல வருவது. பிரான்சில் பத்து மீட்டருக்கு மேல் ஆழமாகப் போகும் எந்தத் துளையையும் அரசுக்கு அறிவிப்பது சட்டக் கடமை. தனியார் தோட்டத்துத் துளையின் விவரமும் பி.ஆர்.ஜி.எம். நடத்தும் நிலத்தடித் தரவுக் களஞ்சியத்தில் பொதுச் சொத்தாகச் சேர்கிறது. ஒரு காலத்தில் புதுச்சேரித் துளைகளின் அடுக்கு விவரத்தைக் கிங்குக்குக் கிடைக்கச் செய்த அதே வழக்கத்தின் வளர்ந்த வடிவம் அது.

உழவருக்கு இது இன்னொரு சுமை, ரிக்காரருக்கு நேரம் வீண், தன் நிலத்தில் தண்ணீர் எங்கே என்பதை வெளியே சொல்ல யாருக்கும் மனம் வராது என்ற தயக்கங்கள் இருக்கும். முதல் இரண்டுக்கும் விடை எளிது. ஒவ்வொரு ராடு இறங்கியதும் ஒரு பிடி தூளை வரிசையாகக் குவித்து வைப்பதற்கும், மண், மக்கிய பாறை, கெட்டிப் பாறை, நிறம், ஈரம் என்று ஐந்து கட்டங்களில் குறியிடுவதற்கும் ராடு மாட்டும் நேரமே போதும். நிலவியல் பட்டம் தேவையில்லை. அந்தத் தூளை ஆண்டுக்கணக்காகப் பார்த்துவரும் ஓட்டுநரின் கண் போதும். மூன்றாவது தயக்கம் உண்மையானது, நிலத்தடி நீரை நிலத்தோடு சேர்த்துத் தன் சொத்தாகக் கருதும் வழக்கத்திலிருந்து வருவது. ஆனால் பக்கத்து வயலின் மோட்டார் தன் கிணற்றை வற்றவைக்கும்போது அந்தச் சொத்துரிமை எவ்வளவு மெல்லியது என்று ஒவ்வோர் உழவருக்கும் தெரிந்துவிடுகிறது. வறண்ட துளையின் குறிப்பை மறைத்து எவருக்கும் லாபமில்லை. அதைக் கொடுத்தால் பக்கத்துக்காரரின் ஒரு லட்சம் மிஞ்சும், அவர் கொடுத்தால் தனக்கு மிஞ்சும். கோர் எடுத்து விவரிக்கும் முழு முறையை ஒவ்வொரு பம்புசெட்டுக்கும் கேட்க முடியாது. வட்டத்துக்குச் சில கோர் துளைகளை அரசு போட்டு முறையாக எழுதி, ரிக்காரர்களின் ஐந்து கட்டத் தாள்களை அவற்றோடு ஒப்பிட்டுப் படித்தால், பத்தாண்டுக்குள் அனந்தபுரம், செஞ்சிப் பாறைத்தரைக்கு முதல் தடவையாக ஓர் ஆழ வரைபடம் கிடைக்கும். துளைக்கும் செலவை உழவர்கள் முன்பே கொடுத்துவிட்டார்கள். எழுதும் செலவு மட்டும்தான் பாக்கி.